தறி ஓயும் நாள்

இலையுதிர் காலம் என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? பெரும்பாலும் ஒரு காலண்டர்ப் படம்தான் தோன்றும். பொன்னும் குங்குமமுமாய்ச் சிவந்து நிற்கும் மரங்கள், பாதையெல்லாம் சருகு, அதன்மேல் கம்பளிச் சட்டை அணிந்து நடந்து போகும் ஒரு துரையும் துரைசானியும். நம் ஊர் வேப்பமரம் இதற்கெல்லாம் மசிகிறதா? மாசி பங்குனியில், வெயில் ஏறப் போகிற நேரத்தில் இலையைக் கொட்டிவிட்டு, புரட்டாசியில் பச்சைப்பசேல் என்று நின்று கொண்டிருக்கிறது! "நமக்கு ஏது ஸார் இலையுதிர் காலம்? வெயில் காலம், கடும் வெயில் காலம், மழை காலம், அவ்வளவுதானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

உண்டு, நமக்கும் அந்தக் காலம் உண்டு. மரத்தில் தேடினால் அகப்படாது. பஞ்சாங்கத்தில் தேட வேண்டும். பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாய்ப் பிரித்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் 'கூதிர்' என்றார்கள். வடமொழிப் பஞ்சாங்கம் அதையே 'சரத் ருது' என்கிறது. சந்திரனை வைத்து மாதம் எண்ணுகிற கணக்கில் சரத் ருதுவின் முதல் நாள் எது தெரியுமா? மகாளய அமாவாசைக்கு மறுநாள். அன்றுதான் நம் வீடுகளில் கொலுப்படி ஏறுகிறது. சாரதா நவராத்திரி என்ற பெயரே சரத் காலத்து நவராத்திரி என்ற பொருளில் வந்ததுதான். ஆக, வேறு தேசத்தார் சருகைப் பார்த்துத் தெரிந்து கொள்கிற பருவத்தை நாம் சுண்டல் வாசனையில் தெரிந்து கொள்கிறோம்!

இந்தப் பருவ வரவேற்பை அதன் எல்லாச் சடங்குகளோடும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமானால் காஞ்சிபுரத்துக்குப் புறப்படுங்கள். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோ மீட்டர். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துச் சொச்சம். ரயிலில் போனால் செங்கற்பட்டு வழி. கோயிலும் தறியுமாய் வாழ்கிற ஊர் அது. மற்ற ஊர்களில் நவராத்திரி ஒரு பண்டிகை. காஞ்சியில் அது, ஊரின் தொழிலே ஒரு நாள் மூச்சை நிறுத்தி நிற்கும் நேரம்.

உலகமே கொண்டாடும் நாள்

போகிற வழியில் கொஞ்சம் உலகத்தையும் சுற்றி வந்துவிடுவோம். செப்டம்பர் 22 அல்லது 23-ம் தேதி, அதாவது நம் புரட்டாசி 6, 7 தேதிகளில், சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வருகிறான். அன்று பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். கதிரவன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகிறான். இந்த நாளைக் கவனியாத பழங்குடிகள் உலகில் குறைவு.

ஐரோப்பாவில் கிறிஸ்தவம் பரவுமுன் இருந்த மக்கள் மரத்தையும் மண்ணையும் சூரியனையும் தெய்வமாகக் கும்பிட்டவர்கள். அவர்களுடைய வழிபாட்டை மீண்டும் உயிர்ப்பிக்க விரும்பும் ஒரு கூட்டத்தார் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்று இருக்கிறார்கள். ஆப்பிள், கோதுமைக்கதிர், பூசணி எல்லாவற்றையும் ஒரு பீடத்தில் பரப்பி, விளக்கேற்றி, பூமிக்கு நன்றி சொல்கிறார்கள். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழைய கல்வட்டத்தில் அன்று விடியற்காலையில் கூடுகிறார்கள். அந்த விழாவுக்கு அவர்கள் வழங்கும் 'மேபன்' என்ற பெயர் பழங்காலத்தது என்று நினைத்துவிட வேண்டாம். எய்டன் கெல்லி என்ற அமெரிக்கர் 1970-களில் சூட்டியது! அறுந்து போன சரட்டைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுகிறார்கள். அதில் பரிகசிக்க ஒன்றுமில்லை. சரடு அறுந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஜப்பானில் சரடு அறவில்லை. சம இரவு நாளை நடுவில் வைத்து ஏழு நாள் 'ஹிகான்' என்று அநுஷ்டிக்கிறார்கள். முன்னோரின் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து, அரிசியும் பயறும் சேர்ந்த இனிப்பு உருண்டையைப் படைக்கிறார்கள். கேட்டவுடன் நமக்கு என்ன நினைவு வருகிறது? மகாளய பட்சம்தானே!

நம்மவர்களும் சம இரவு நாளை மறந்தவர்கள் அல்ல. ஐப்பசி முதல் தேதியை 'விஷு' என்று கூறுகிறோமே, விஷு என்றாலே பகலும் இரவும் சமமான நாள் என்று பொருள். ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளாய் இருந்தன. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலை சுற்றுவதால் நாள் நகர்ந்து நகர்ந்து இப்போது மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. வானம் நகர்ந்தாலும் நாம் வழக்கத்தை விடவில்லை!

முதல் மரியாதை முன்னோருக்கு

இனிக் காஞ்சிக்குள் நுழைவோம். அமாவாசை விடியற்காலை. ஊரின் மேற்கே சர்வதீர்த்தம் என்ற பெரிய குளம் இருக்கிறது. படிக்கட்டுகளில் ஈரத் துண்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தர்ப்பை, எள், தண்ணீர், அப்பா பெயர், தாத்தா பெயர். கொள்ளுத்தாத்தா பெயர் வரும்போது சிலர் சற்றுத் தடுமாறுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் பையன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறான். அடுத்த தலைமுறைக்குப் பெயர் கைமாறுகிற இடம் இதுதான்.

பருவம் பிறக்கும்போது முதல் மரியாதை இறந்தவர்களுக்கு, அடுத்தது தெய்வத்துக்கு, அதற்கடுத்தது கருவிகளுக்கு. இந்த வரிசையை யார் போட்டார்களோ, நன்றாய்ப் போட்டிருக்கிறார்கள். தொழிலைக் கற்றுக் கொடுத்தவர் முதலில், தொழிலுக்குத் துணை நிற்பவள் நடுவில், தொழில் செய்யும் கருவி கடைசியில்.

அன்று சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனால் காட்சி மாறிவிடும். காலையில் எள்ளும் தர்ப்பையும் வாங்கிய அதே கை, மாலையில் பொம்மை வாங்குகிறது.

பொம்மைக்காரத் தெரு

காஞ்சியில் பட்டுக்கு ஒரு பகுதி இருப்பதுபோல் பொம்மைக்கும் ஒரு தெரு இருக்கிறது. பெயரே பொம்மைக்காரத் தெரு. வீட்டுத் திண்ணை, நடை, கூடம், மாடிப்படி எல்லா இடத்திலும் பொம்மைகள்தாம். ஒரு வீட்டில் தலையில்லாத தசரதர்கள் பத்துப் பேர் வெயில் காய்ந்து கொண்டிருப்பார்கள். அடுத்த வீட்டில் கண் திறக்காத மீனாட்சிகள் மணக்கோலத்தில் காத்திருப்பார்கள். களிமண்ணிலும் காகிதக் கூழிலும் அச்சு வார்த்து, காய வைத்து, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டி, கடைசியாகக் கண் எழுதுகிறார்கள். காகிதக் கூழ் பொம்மை கனம் குறைவு. கைதவறினாலும் மண் பொம்மைபோல் சட்டென்று நொறுங்காது. ஆகையால் கடல் கடந்து போகிற கொலுக்களுக்கு அதுதான் தோது.

இந்தத் தெருவுக்கு வருஷம் முழுவதும் வேலை உண்டு; வருமானம் மட்டும் இந்தச் சில வாரங்களில்தான். வெயிலை நம்பிய தொழில். ஆவணியில் நாலு நாள் மழை பிடித்துக்கொண்டால் பொம்மை காயாது. பொம்மை காயாவிட்டால் அடுப்பும் காய வேண்டியதுதான்.

ஊரின் செய்தியெல்லாம் இந்தத் தெருவில் பொம்மையாகிவிடும். 2019-ல் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து அத்தி வரதர் எழுந்தருளினார் அல்லவா? 40 ஆண்டுக்கு ஒரு முறை நிகழும் வைபவம் அது. அதற்கு முன் நடந்தது 1979-ல். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் ஊர் கொள்ளாத கூட்டம். சயனக் கோலத்திலும் நின்ற கோலத்திலும் தரிசனம் தந்துவிட்டுப் பெருமாள் மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டார். ஆனால் அந்த வருஷத்து நவராத்திரியில் கொலுப்படிகளில் அவரைக் காணலாம் என்று ஆயிற்று! அத்தி வரதர் பொம்மைக்கு அப்படி ஒரு கிராக்கி. குளத்தில் 40 வருஷம் காத்திருக்க வேண்டியவரைக் கூடத்தில் வருஷா வருஷம் பார்க்கும்படி செய்துவிட்டது பொம்மைக்காரத் தெரு.

ஊருக்கெல்லாம் ஒரே அம்பாள்

ஒன்பது இரவும் காமாட்சியம்மன் கோயிலில் அம்பாள் கொலு வீற்றிருக்கிறாள். மூலஸ்தானத்தில் அவள் பத்மாசனமிட்டு அமர்ந்த கோலம். நாலு கரங்களில் பாசம், அங்குசம், கரும்பு வில், மலர் அம்பு. காஞ்சியில் இத்தனை சிவாலயங்கள் இருந்தும் அவற்றில் அம்பாளுக்குத் தனிச் சந்நிதி இல்லை என்பார்கள். ஊர் முழுவதற்கும் ஒரே அம்பாள் காமாட்சிதான். ஆகவே நவராத்திரி மாலைகளில் ஊரின் கால்களெல்லாம் ஒரே திசையில் நடக்கின்றன. முகப்பில் பூக்காரிகளின் கூவல், உள்ளே தவில் முழக்கம், பிராகாரத்தில் பட்டுப் பாவாடைச் சிறுமிகளின் ஓட்டம். கூட்டத்தில் நிற்கும்போது முன்னால் நிற்கும் அம்மாளின் புடவைக் கரையைப் பாருங்கள். அடுத்த தெருவில் நெய்ததாக இருக்கும்!

சின்னக் காஞ்சியில் வரதராஜர் கோயிலிலும் பெருந்தேவித் தாயாருக்கு நவராத்திரி உற்சவம் உண்டு. பக்கத்திலேயே தூப்புல். 1268-ல் வேதாந்த தேசிகர் அவதரித்த இடம். புரட்டாசித் திருவோணம் அவருடைய திருநட்சத்திரம். பல ஆண்டுகளில் அது விஜயதசமியை ஒட்டியே வருகிறது. அன்று தேசிகர் பல்லக்கில் வரதரைச் சேவிக்கப் புறப்படுகிறார். வாத்தியம் முன்னே, வேதகோஷ்டி பின்னே, தெருவெல்லாம் மாக்கோலம்.

கோபித்துக் கொண்ட சரஸ்வதி

ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை. எல்லா ஊரிலும் சரஸ்வதிக்குப் பூஜை நடக்கிறது. காஞ்சியில் மட்டும் அதற்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. சரஸ்வதி கோபித்துக் கொண்டு வந்த ஊர் இது!

ஸ்தல புராணம் சொல்லும் கதையைக் கேளுங்கள். பிரம்மா இங்கே ஒரு பெரிய யாகம் செய்யத் தொடங்கினார். மனைவி சரஸ்வதியோடு மனஸ்தாபம். அவளை அழைக்காமலே யாகத்தில் உட்கார்ந்துவிட்டார். விடுவாளா அம்மாள்? முதலில் யாகசாலையை இருட்டாக்கினாள். பெருமாள் விளக்காய் நின்று இருளை ஓட்டினார். தூப்புலில் விளக்கொளிப் பெருமாள் என்று அவருக்குத் திருநாமம். கடைசியில் அவளே நதியாய் மாறி, வேகவதி என்ற பெயரோடு யாகசாலையை அடித்துப் போக நுரைத்துக் கொண்டு வந்தாள். பெருமாள் நதிக்குக் குறுக்கே அணையாய்ப் படுத்துவிட்டார். அந்தத் தலம் திருவெஃகா. நதி நின்றது, யாகம் முடிந்தது, வேள்வித் தீயிலிருந்து வரதர் தோன்றினார்.

வேகவதிக் கரையில் இன்னொரு வெள்ளக் கதையும் உண்டு. அம்பாள் மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்துப் பூஜை செய்தாள். ஈசன் சோதிக்க வெள்ளத்தை அனுப்பினார். மணல் லிங்கம் கரையாமல் இருக்க அம்பாள் அதை இறுகக் கட்டிக்கொண்டாள். ஏகாம்பரநாதர் கோயிலில் இன்றும் மூலவர் மண்ணால் ஆனவர் என்பதால் அவர் திருமேனிக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது.

இரண்டு கதைக்கும் உட்கரு ஒன்றே. தண்ணீர் வருகிறது, கைவேலை கரையப் பார்க்கிறது, யாரோ குறுக்கே நின்று காப்பாற்றுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் வாழ்கிற ஊரில்தான் இப்படிக் கதை பிறக்கும். அந்த மழையைப் பற்றி ஒரு நெசவாளியின் வீட்டில் உட்கார்ந்து கேட்டால் புராணம் புராணமாகவே தோன்றாது.

தறிக்குப் பொட்டு

பிள்ளையார்பாளையம் நெசவாளர்களின் பகுதி. மற்ற நாட்களில் தெருவில் நடந்தாலே காதில் விழும்: தடக், தடக் என்று ஒரு தாளம். ஒரு வீட்டில் நின்றால் மறு வீட்டில் தொடரும். ஆயுத பூஜை அன்று போனேன். தெருவில் அந்தத் தாளமே இல்லை. அப்படி ஒரு நிசப்தம். ரேடியோப் பாட்டும் குழந்தைகளின் கூச்சலும்தான்.

"வாங்க தம்பி, உள்ளே வாங்க. செருப்பை அங்கேயே விட்டுடுங்க" என்று வரவேற்றார் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர். முன்கூடத்தில் குழித்தறி. தரையில் இடுப்பளவு பள்ளம் வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதித்து நெய்வது. தறி பளிச்சென்று துடைத்திருந்தது. கட்டைகளில் சந்தனம், குங்குமம்; இரு பக்கமும் வாழைக்கன்று; மேலே மாவிலை. பாதி நெய்த புடவை, மயில்கழுத்து நிற உடலும் அரக்குக் கரையுமாய், ஒரு வெள்ளைத் துணியால் மூடப்பட்டிருந்தது. முன்னால் மணையில் நாடா, தார்க்குச்சி, கத்தரிக்கோல். பக்கத்தில் பேத்தியின் கணக்குப் புத்தகம். இலையில் பொரி, கடலை, வெல்லம், சுண்டல்.

"இன்னிக்கு ஒரு இழைகூட ஓட்டக்கூடாதா ஐயா?"

"தொடவே கூடாது தம்பி. தீபாவளிக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. முதலாளி தினம் போன் பண்றாரு. இருந்தாலும் இன்னிக்கு அது அம்மன். நாளைக்குத்தான் அது தறி."

வாசகர்களே, இந்தச் சொல்லை ஒரு கணம் யோசியுங்கள். வேலை இல்லாத நாளில் ஓய்வு எடுப்பது யாருக்கும் எளிது. வேலை கழுத்தை நெரிக்கிற வாரத்தில், ஒவ்வோர் அங்குலத்துக்கும் கூலி காத்திருக்கிற நேரத்தில், கையை எடுத்துவிட்டுக் கும்பிடுவது என்றால் அதற்கு ஒரு தைரியம் வேண்டும். பருவத்தின் சடங்கு அந்தத் தைரியத்தைத் தருகிறது.

அந்தத் தறி என்ன வேலை செய்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அசல் காஞ்சிப் பட்டின் சிறப்பு 'கோர்வை'. புடவையின் உடலும் இரு கரைகளும் வெவ்வேறு நிறத்தில், மூன்று நாடாக்கள் ஓட, ஒவ்வோர் ஊடையிலும் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பின்னப்படுகின்றன. ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் துணைக்கு உட்கார வேண்டும். முந்தானை வேறு நிறமானால், ஆயிரக்கணக்கான பாவு இழைகளைப் புது நிற இழைகளோடு கோத்து இணைக்க வேண்டும். இதற்குப் 'பேட்னி' என்று பெயர். புடவை நைந்தாலும் கரை பிரியாது என்பது ஊர்ப் பெருமை. இவ்வளவும் செய்ய வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளிலிருந்து ஒரு மாதம் வரை ஆகும். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. இரண்டையும் சேர்த்து வைக்கிற கை மட்டும் காஞ்சியினுடையது. தேவர்களுக்குத் தாமரை நூலால் ஆடை நெய்த மார்க்கண்ட முனிவரின் வழிவந்தோம் என்பது இங்குள்ள நெசவாளர் பலரின் நம்பிக்கை.

பெரியவர் வீட்டுக் கூடத்தில் இன்னும் இரண்டு பள்ளங்கள் இருந்தனவாம். இப்போது சிமெண்டு பூசி மூடியிருக்கிறார்கள். ஒன்றின்மேல் குளிர்சாதனப் பெட்டி. மற்றொன்று வெறுந்தரை. அந்த வெறுந்தரையில் பெரியவரின் மனைவி ஒரு சின்னக் கோலம் போட்டு, நடுவில் பழைய நாடா ஒன்றை வைத்துப் பொட்டு இட்டிருந்தார்.

"அது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"எங்க மாமனார் உட்கார்ந்து நெஞ்ச இடம் தம்பி. தறிதான் போயிடுச்சு. இடம் இருக்குதில்ல?" என்றார்.

மகன் ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவருடைய மோட்டார் சைக்கிளும் வாசலில் மாலை போட்டுக்கொண்டு நின்றது. அதற்கும் அதே சந்தனம், அதே குங்குமம். மாதா மாதம் முதல் தேதி சம்பளம், மழையிலும் சம்பளம். யார் குறை சொல்ல முடியும்? பெரியவரும் குறை சொல்லவில்லை. விளக்கை ஏற்றிவிட்டு, ஒன்று மட்டும் சொன்னார்:

"ஓடுற தறிக்குத்தான் தம்பி ஓய்வு. நின்னு போன தறிக்கு இன்னிக்கும் ஒண்ணுதான், நாளைக்கும் ஒண்ணுதான்."

மறுநாள் காலை

விஜயதசமி காலையில் ஊருக்கு மறுபடி மூச்சு வருகிறது. பள்ளிக்கூடங்களில் குழந்தைகளைச் சேர்க்கிறார்கள். பரப்பிய அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுதுகிறது. கோயில்களில் சுவாமி வன்னி மரத்தை நோக்கி அம்பு போடப் புறப்படுகிறார். தெருவில் முதல் 'தடக்' கேட்கிறது. பிறகு எதிர்வீட்டில் ஒன்று. சற்று நேரத்தில் தெரு முழுவதும்.

இனி மழையோடு பந்தயம். ஐப்பசி பிறந்ததும் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிடும். விடியற்காலையில் தெருவில் பாவை நீள விரித்துக் கட்டிக் கஞ்சி தெளித்து உலர்த்துகிற வேலை மழையில் நின்று போகும். ஈரக் காற்றில் இழை சொன்னபடி கேளாது. தரைக்குக் கீழே வெட்டிய குழியில் நீர் ஊறும். 2015 நவம்பர், டிசம்பரில் பெய்த பெருமழையில் தறிக்குழிகளில் தண்ணீர் நிறைந்து நெசவாளர்கள் வேலையின்றித் தவித்தார்கள். நதியாய் வந்த சரஸ்வதியின் கதையை அந்த ஊர் சும்மா சொல்லிக் கொண்டிருக்கவில்லை!

மழைக்கு நடுவே ஐப்பசிப் பௌர்ணமியன்று சிவாலயங்களில் அன்னாபிஷேகம். சோற்றால் லிங்கத்தை மூடி, பிறகு அதையே பிரசாதமாக வழங்குவார்கள். கார்த்திகையில் வீட்டு வாசலில் அகல் வரிசை. அத்துடன் கூதிர் காலம் முடிகிறது. எள்ளில் தொடங்கிய பருவம் விளக்கில் முடிகிறது.

போகிறவர்களுக்கு

நவராத்திரியில் காஞ்சிக்குப் போகிறவர்கள் பலரும் புடவை வாங்காமல் திரும்புவதில்லை. வாங்குங்கள், ஆனால் பார்த்து வாங்குங்கள். காஞ்சிப் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியும் விசைத்தறிப் போலிகள் அதே பெயரில் உலவுகின்றன. உடலும் கரையும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். கோர்வை என்றால் இரு நிறமும் பல் பல்லாய்க் கோத்துக் கொண்டிருக்கும். பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் உண்டா என்று கேளுங்கள். கூட்டுறவுச் சங்கக் கடைகள் பல இருக்கின்றன. அங்கே கேட்டால் பொறுமையாகக் காட்டுவார்கள்.

இந்த ஊரில் பிறந்த அறிஞர் அண்ணா, 1953-ல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்த சமயத்தில், துணியைத் தோளில் சுமந்து திருச்சித் தெருக்களில் கூவி விற்றார். நெசவாளிக்குச் செய்கிற பூஜைகளில் சிறந்தது அவன் நெய்ததை வாங்குவதுதான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பட்டு வாங்கக் கை நீளாதவர்களும் கவலைப்பட வேண்டாம். வரதர் கோயில் இட்லியை ஒரு துண்டு சாப்பிடுங்கள்; மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க, மந்தாரை இலை வாசனையோடு இருக்கும். பொம்மைக்காரத் தெருவில் ஒரே ஒரு பொம்மை வாங்குங்கள். பிறகு பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அதற்கு இரண்டு நாள் தங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஆயுத பூஜையன்று அந்தத் தெருவின் நிசப்தத்தைக் கேட்க ஒரு நாள். மறுநாள் அந்த நிசப்தம் கலைவதைக் கேட்க இன்னொரு நாள். முதல் நாளை எந்த ஊரிலும் கொண்டாடிவிடலாம். இரண்டாவது நாள்தான் முக்கியம். எத்தனை வீட்டிலிருந்து அந்தத் 'தடக்' கேட்கிறது என்று எண்ணிக்கொண்டே நடங்கள். அடுத்த வருஷம் போகும்போது அந்த எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்று காமாட்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.